ஐந்து பேர் படிப்பை முடித்துப் போன பிறகு: சாட்ஸ்வர்த் ஆறு வாரப் பயிற்சி, ஒரு மதிப்பீடு

நவம்பர் வந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரக் கல்லூரிக் கால்பந்து அணிகளுக்கு வயிற்றில் புளி கரைக்கும். கடைசித் தேர்வு முடிந்த கையோடு மூத்த பையன்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். ஒருவன் ஜோஹன்னஸ்பர்க்கில் வேலைக்கு, இன்னொருவன் வேறு ஊருக்கு மேற்படிப்புக்கு. பிப்ரவரியில் வகுப்பு தொடங்கும்போது மைதானத்தில் பாதி முகம் புதுசாக இருக்கும். இந்த ஓட்டையை அடைக்கவே டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தில் நான்கு பயிற்சியாளர்கள் சேர்ந்து ஆறு வாரப் பயிற்சி ஒன்றைக் கல்லூரி அணிகளுக்கு நடத்துகிறார்கள். வாரம் மூன்று நாள், மாலை 5 மணிக்கு, ஒவ்வொரு முறையும் 75 நிமிடம். கட்டணம் ஆள் கணக்கில் இல்லை, அணிக் கணக்கில். ஏறத்தாழ இரண்டு செட் ஜெர்சி தைக்கிற பணம் ஆகும். டாக்ஸிச் செலவும் தண்ணீரும் நம் பொறுப்பு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் இரண்டு வாரங்களுக்காகவே இந்தப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். தற்காப்பு வரிசைக்கும் கார்னருக்கும் (மூலை உதை) தரும் பயிற்சி மிக நன்று. கோல்கீப்பர்களைக் கவனிக்கும் விதம் போதவே போதாது. உடல் தயாரிப்பில் ஒரு பெரிய தப்பு நடக்கிறது. கல்லூரி நிர்வாகி கூடவே நின்று கேட்டால் அதைத் திருத்திவிட முடியும்.

முதல் நாள் பந்தையே தொடவிடுவதில்லை. எல்லாரையும் புல்லில் உட்காரவைத்து, போன ஆண்டு ஆட்டக் கணக்கைக் கேட்கிறார்கள். ஒரு ஆட்டத்துக்கு 11 பேர், 90 நிமிடம்: மொத்தம் 990 ஆட்ட நிமிடங்கள். 14 ஆட்டம் ஆடிய அணிக்கு 13,860. போனவர்கள் ஐந்து பேர், ஒவ்வொருவரும் 12 ஆட்டம் முழுதாக ஆடியவர்கள் என்று வைத்துக்கொண்டால் 5,400 நிமிடம் போயிற்று, நூற்றுக்கு 39. பல கல்லூரி அணிகள் இந்த எண்ணைப் பார்த்து மிரண்டு, முதலாண்டு மாணவர்களில் ஐந்து பேரைத் தேடி அலைகின்றன. ஆட்களை எண்ணினால் ஐந்துதான். அவர்கள் பார்த்துவந்த வேலைகளை எண்ணினால் கணக்கு வேறு மாதிரி வரும்.

அந்த வேலைகளை எழுத ஒரு பெரிய அட்டையைச் சுவரில் மாட்டுகிறார்கள். வலது கார்னர் யார் அடித்தது, இடது கார்னர் யார், 25 மீட்டருக்குள் ஃப்ரீ கிக் யார், பெனால்டிக்கு முதல் ஆள் யார், அவன் வெளியே போயிருந்தால் யார். எதிரணி கார்னரில் முதல் கம்பத்தில் நின்றது யார், நடுக்கோட்டில் தனியாக நின்றது யார். நீளமாகத் த்ரோ போட்டவன் யார். வரிசை ஏற வேண்டும் என்று கத்தியவன் யார். கோல்கீப்பர் உதைத்த பந்து தலையில் பட்டுத் தெறிக்கும்போது அதைப் பொறுக்கப் போனவன் யார். நடுவரிடம் பேசியது யார். இதோடு நிறுத்தாமல், ஆட்டக்காரர் கார்டுகளை யார் பையில் வைத்திருந்தது, மினிபஸ்காரருக்கு யார் போன் போட்டது, பந்துப் பை யார் வீட்டில் இருந்தது என்றும் கேட்கிறார்கள். எழுதி முடித்ததும் போனவர்கள் செய்த வேலைகளைச் சிவப்பில் வட்டமிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு பேர் பெயரைச் சுற்றித்தான் சிவப்பு மொய்த்துக் கிடக்கும்: பழைய கேப்டன், பழைய நடுக்களத் தடுப்பாட்டக்காரன். அதிகம் கோல் போட்டவன் பெயரில் வட்டங்கள் குறைவாகவே இருக்கும். கோல் கணக்கை மட்டும் பார்த்து மாற்று ஆளைத் தேடுகிற கல்லூரிகள் எங்கே தவறுகின்றன என்று அந்த அட்டையைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

இந்த நினைவைத் தாளில் ஏற்றுவது எவ்வளவு முக்கியம் என்பதை இந்த நாட்டு வரலாறே காட்டும். பல்கலைக்கழக மாணவர் அணியாக 1921-இல் தொடங்கிய விட்ஸ், 2016–17-இல் தேசிய லீக்கையே வென்றது. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் இடத்திலிருந்து அவ்வளவு உயரம் போனது. 2020-இல் அதன் லீக் இடம் விற்கப்பட்டது, அத்தோடு சரி. இதே சாட்ஸ்வர்த்தின் மேனிங் ரேஞ்சர்ஸ் கதையும் அப்படித்தான். 1996–97-இல், தென்னாப்பிரிக்கப் பிரீமியர் லீக்கின் முதல் பருவத்திலேயே, கோர்டன் இகேசுண்ட் பயிற்சியில் யாரும் எதிர்பாராத விதமாகக் கோப்பையைத் தூக்கிய அணி. இன்று அந்தப் பெயரில் லீக்கில் ஆள் இல்லை. அன்றைய ஆட்டம் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லித்தருவதை எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை.

இரண்டாம் நாள் தேர்வு. பெரும்பாலான கல்லூரிகளில் முதலாண்டுத் தேர்வு என்றால் 60 பையன்களைக் கூட்டி, 11-க்கு 11 ஆட்டத்தில் ஆளுக்கு 15 நிமிடம் விடுவார்கள். ஒருவன் காலில் பந்து நான்கைந்து முறை வந்தால் அதிசயம். யார் சத்தம் போட்டுப் பந்து கேட்கிறானோ அவன் தேறிவிடுவான். இங்கே 24 பேரை எடுத்து மூன்று சிறு களம் போடுகிறார்கள், ஒவ்வொன்றும் 35-க்கு 25 மீட்டர். 4-க்கு 4, ஆறு நிமிடம் ஒரு சுற்று, ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் கூட்டாளிகளை மாற்றிவிடுகிறார்கள். ஜெயித்த நால்வருக்கும் ஆளுக்கு 3 புள்ளி, சமன் என்றால் 1. ஐந்து சுற்று முடிவில், யாரோடு போட்டாலும் ஜெயிக்கிற பையன் தானாகவே மேலே வந்துவிடுகிறான். ஷிபோபோ போட்டு, எதிராளி காலிடுக்கில் பந்தைத் தள்ளிக் கைதட்டு வாங்குகிறவன் பல நேரம் பட்டியலின் நடுவில்தான் நிற்பான். அந்த ஆட்டத்தை இங்கே எல்லாரும் நேசிக்கிறோம், ஆனால் அணிக்கு ஆள் எடுக்கும்போது புள்ளிதான் பேச வேண்டும்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு, அதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். சிறு களத்தில் உயரப் பந்து வராது. பின்னால் ஓடி மீட்கிற 30 மீட்டர் ஓட்டமும் வராது. ஆகவே நல்ல சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்பவன்) இதில் தெரியமாட்டான். மூன்றாம் நாள் அரை மைதானத்தில் 8-க்கு 8, 15 நிமிடம் இரண்டு முறை வைப்பது அதற்காகத்தான். உங்கள் அணியில் போனது சென்டர் பேக் என்றால் மூன்றாம் நாளைத் தவறவிடாதீர்கள்.

இரண்டாம் வாரம் கயிறு. நான்கு டிஃபென்டர்களின் இடுப்பிலும் கயிறு கட்டி, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் 8 மீட்டர் விடுகிறார்கள். மொத்தம் 24 மீட்டர் அகலம். எதிரே ஆறு பேர் பந்தை இடமும் வலமும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பந்து இடது ஓரத்துக்குப் போனால் வலது பேக் எதிர்க் கம்பத்துக்கு நேராக வந்து நிற்க வேண்டும். ஒருவன் தாமதித்தால் கயிறு இறுகி நால்வரையும் இழுக்கும். புதிதாக வந்த சென்டர் பேக் ஒருவன் வாயே திறக்காமல் நகர்ந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருந்தவன் தடுமாறினான். பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஓரத்திலிருந்தே, "தம்பி, நீ வாய் திறக்கலேன்னா கயிறுதான் பேசும்" என்றார். "சரிண்ணா" என்றவன் அடுத்த பந்துக்கு "ஸ்டெப்!" என்று கத்தினான். நால்வரும் ஒன்றாக ஏறினார்கள். கயிறு தளர்ந்தே இருந்தது.

அந்தச் சத்தத்துக்கும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். ஒரே அணியில் ஜூலு பேசுகிறவன், ஆங்கிலம் பேசுகிறவன், வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவன் எல்லாரும் இருப்பார்கள். பழைய கேப்டனின் கூப்பாடு அவனோடு போய்விடும், புதியவன் வேறு சொல் வைத்திருப்பான். அதனால் ஐந்தே சொல்: ஸ்டெப் (ஏறு), ட்ராப் (பின்வாங்கு), ஹோல்ட் (அப்படியே நில்), மேன் ஆன் (எதிராளி நெருங்குகிறான்), அவே (பந்தைத் தூர அடி). இதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. 20 நிமிடக் கயிற்றுப் பயிற்சிக்குப் பிறகு கயிற்றை அவிழ்த்து அதையே இன்னொரு 20 நிமிடம் செய்யவைக்கிறார்கள். அவிழ்த்த முதல் ஐந்து நிமிடத்தில் வரிசை சிதறும், பயப்பட வேண்டாம். ஆனால் வாரம் ஒரு முறைக்கு மேல் கயிறு கட்டச் சொல்லாதீர்கள். கயிற்றின் இழுப்பைப் பார்த்தே நகரப் பழகிவிட்டால், பந்தைப் பார்க்கிற கண் மங்கிவிடும்.

புதியவர்களை எங்கே நிறுத்துவது என்பதில் இவர்களுக்கு ஒரு விதி: இரண்டு புதியவர்கள் அடுத்தடுத்து நிற்கவே கூடாது. புது வலது பேக்குக்கு முன்னால் பழைய விங்கர் (ஓரத்தில் ஏறித் தாக்குபவன்). புது விங்கர் என்றால் பின்னால் பழைய பேக். இதை முழு மனதோடு ஏற்கிறோம். 4-3-3 (பின்வரிசையில் நான்கு, நடுக்களத்தில் மூன்று, முன்னால் மூன்று) ஆடிக்கொண்டிருந்த அணி தன் ஒற்றைத் தடுப்பு நடுக்களக்காரனை இழந்தால் 4-2-3-1-க்கு மாறச் சொல்வதும் சரியே. ஒருவன் செய்த வேலையை இருவர் பகிர்ந்துகொள்வார்கள், ஒருவன் முன்னேறினால் மற்றவன் நிற்பான். மேலே ஒரு ஆள் குறைவதாகத் தோன்றும். ஆனால் முதல் ஆறு ஆட்டத்தில் கோல் வாங்காமல் இருப்பதே பெரிய காரியம்.

ஒன்றில்தான் நமக்கு உடன்பாடில்லை. இரண்டு சென்டர் பேக்கும் ஒரே ஆண்டில் போய்விட்டால், நடுக்களத்தின் அனுபவசாலியைப் பின்னால் இறக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் ஓர் ஓட்டையை அடைக்க இன்னோர் ஓட்டையைத் திறந்த கதைதான். அவன் முன்பு தடுத்த பந்துகள் இப்போது நேராகப் பின்வரிசைக்கே வரும். அங்கே அவனும் பழகாத இடத்தில் நிற்பான். அதைவிட நல்ல வழி, ஓரத்தில் ஆடும் பேக் ஒருவனை உள்ளே நகர்த்துவது. ஓரத்தில் புதியவன் தப்பு செய்தால் எதிராளிக்கு ஒரு கிராஸ் (ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னே அடிக்கும் பந்து) கிடைக்கும், நடுவில் தப்பு செய்தால் கோலே கிடைக்கும். ஆகவே புதியவனுக்கு ஓரம்.

கார்னர் பயிற்சிதான் இந்த ஆறு வாரத்தின் உச்சம். போனவர்களில் ஒருவன் இடது காலன் என்றால் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. வலது மூலையிலிருந்து அவன் அடித்த பந்து கோலை நோக்கி உள்ளே வளைந்தது. இப்போது வலது காலன் அடித்தால் பந்து கோலைவிட்டு வெளியே வளையும். ஓடுபவர்கள் பழைய பழக்கத்தில் 5.5 மீட்டர்க் கோட்டுக்குள் பாய்ந்தால் பந்து அவர்களுக்குப் பின்னால் போய்விழும். அதனால் ஓட்டத்தை 16.5 மீட்டர்க் கோட்டுக்கு வெளியிலிருந்து தொடங்கி, 11 மீட்டர்ப் பெனால்டிப் புள்ளிக்கு அருகில் பந்தைச் சந்திக்கும்படி மாற்றுகிறார்கள். அடிப்பவன் கை தூக்கியதும் கிளம்பினால் சீக்கிரம், அவன் கடைசி அடி எடுத்து வைக்கும்போது கிளம்பினால் சரி. 10 பந்தில் எத்தனை முறை முதலில் தொட்டது நம் ஆள் என்று எழுதிவருகிறார்கள், கோல் விழுந்ததா என்று பார்ப்பதில்லை. அதுவும் நல்ல முறை.

குட்டைக் கார்னரில் (அருகில் நிற்கும் கூட்டாளிக்குத் தட்டிவிடும் கார்னர்) பையன்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறும் இங்கே பிடிபடுகிறது. கார்னரிலிருந்து நேரடியாக வாங்கும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. ஆனால் அடித்தவன் கோட்டோரத்திலேயே நின்றுகொண்டு, கூட்டாளி திருப்பித் தரும் பந்தை வாங்கினால் பெரும்பாலும் ஆஃப்சைடுதான். அடித்ததும் இரண்டு மூன்று எட்டு பின்னே வந்து, பந்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். எதிரணி கார்னருக்கு மூன்று பேரை 5.5 மீட்டர்க் கோட்டில் இடம் காக்க நிறுத்தி, மீதிப் பேரை ஆள் காக்க வைக்கிறார்கள். புதிய அணிக்கு இந்தக் கலப்பு முறை எளிது.

இனி கோல்கீப்பர். நான்கு பயிற்சியாளர்களில் ஒருவர்கூடக் கோல்கீப்பர் பயிற்சியாளர் இல்லை. கடைசி 20 நிமிடம் அவனை நிறுத்தி 16 மீட்டரிலிருந்து 40 பந்து அடிக்கிறார்கள். பார்க்க வேர்வை சொட்டும், பலன் குறைவு. பழைய கீப்பர் வரிசைக்குப் பின்னால் விழும் பந்தை ஓடிவந்து அடித்துவிடுபவனாக இருந்திருந்தால், டிஃபென்டர்கள் 35, 40 மீட்டர் முன்னால் துணிந்து நின்றிருப்பார்கள். புதியவன் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டால் நடுவே பெரிய காலி இடம். இரண்டாம் வாரம் கயிறு கட்டி வரிசையை ஏற்றுகிறார்களே, அப்போதே கீப்பரையும் பின்னால் நிறுத்தியிருக்க வேண்டும். பந்து எதிரணிப் பாதியில் இருக்கும்போது அவன் பெனால்டிப் பெட்டியின் விளிம்புவரை வரலாம். எதிராளி நீளப் பந்து அடிக்கத் தலையைத் தூக்கினால் பெனால்டிப் புள்ளிப் பக்கம் பின்வாங்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள். முடியாதென்றால் வரிசையைப் 10 மீட்டர் இறக்கி ஆடுங்கள். உங்கள் கீப்பர்தான் படிப்பை முடித்துப் போனவன் என்றால், இந்தப் பயிற்சியோடு தனியாக ஒரு கீப்பர் பயிற்சியாளரையும் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வார்ம்-அப்பில் நடக்கும் தப்பு இன்னும் வருத்தம் தருகிறது. ஃபிஃபா 11+ செய்வதாகச் சொல்கிறார்கள். அது 20 நிமிடம், 15 பயிற்சி: 8 நிமிட மெதுவோட்டம், 10 நிமிட வலுவும் சமநிலையும் தாவலும், 2 நிமிட வேக ஓட்டம். இவர்கள் நேரமில்லை என்று நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓட்டத்தை மட்டும் வைத்திருக்கிறார்கள். காயம் தடுப்பதற்கென்றே அமைந்த பகுதி அந்த நடுப்பகுதி. நார்வேயில் 1,892 இளம் பெண் ஆட்டக்காரர்களிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. தொடைப் பின்தசைக்கான நார்டிக் பயிற்சி அதில்தான் வருகிறது: முழங்காலில் நின்று, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை மெல்ல முன்னே சாய்ப்பது. தொடக்கத்தில் 3 முதல் 5 முறை போதும், பிறகு 7 முதல் 10. முதல் நாளே 15 செய்யவைத்தால் இரண்டு நாள் படியேற முடியாது.

நவம்பர் மெட்ரிக் (பள்ளி இறுதி) தேர்வுக்குப் பிறகு பந்தையே தொடாத பையன்களை முதல் வாரமே யோ-யோ ஓட்டத்தில் விடுவதும் சரியில்லை. 20 மீட்டர் போய் 20 மீட்டர் வந்து, 10 விநாடி இளைப்பாறி, மணி அடிக்க அடிக்க வேகம் கூட்டும் சோதனை அது. அவன் விடுமுறையில் என்ன செய்தான் என்பதைக் காட்டும், என்ன ஆவான் என்பதைக் காட்டாது. முதல் வாரத்தில் ஒரு முறை, ஐந்தாம் வாரத்தில் ஒரு முறை வைத்து, எவ்வளவு ஏறியிருக்கிறான் என்று பார்த்தால் பயன் உண்டு. முதல் எண்ணை வைத்தே ஆளைக் கழிப்பது அநியாயம்.

பிப்ரவரி டர்பன் வெயிலைவிட அதன் புழுக்கம் பொல்லாதது, மாலை 5 மணிக்கும் சட்டை உடம்போடு ஒட்டும். ஒரு தராசு எடுத்துப் போங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 70 கிலோப் பையன் 1.4 கிலோவுக்கு மேல் இழந்திருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள். அடுத்த முறை இடைவேளையைக் கூட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இந்த ஊர்க்காரர்களே மறந்தது வியப்பு: தைப்பூசக் காவடி. ஜனவரி, பிப்ரவரியில் வரும். பத்து நாள் விரதம், மரக்கறிச் சாப்பாடு, காவடி எடுக்கும் நாளில் அதை இறக்கிவைக்கும்வரை வெறும் வயிறு, வெறுங்காலோடு சூடான தார்ச் சாலை. பாதம் கொப்புளித்த பையனுக்கு மறுநாள் பூட்ஸ் மாட்டச் சொன்னால் கொப்புளம் கிழிந்து ஒரு வாரம் போய்விடும். காவடி எடுக்கும் பையன்களின் பெயரை முன்கூட்டியே கொடுத்து, விரத நாட்களில் ஓட்டத்தைக் குறைத்துக் கார்னர் பயிற்சியையும் அட்டை வேலையையும் அந்த வாரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ரமலான் நோன்பு இருக்கும் பையன்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். கேட்டால் மாற்றித் தருகிறார்கள், தாமாகக் கேட்பதில்லை.

பயிற்சி முடிந்ததும் இவர்கள் தருவது ஒரு வாழைப்பழம். அது பத்தாது. பக்கத்துக் கடையில் குவார்ட்டர் பீன்ஸ் பன்னி (கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி நிரப்பியது) ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்தால் ரொட்டியும் பருப்பும் ஒன்றாகக் கிடைக்கும், விரதக்காரனுக்கும் ஆகும். பயிற்சிக்கு முன்னால் மட்டும் வேண்டாம்.

மூன்று முதல் ஆறு பேரை இழந்த அணிக்கு இந்தப் பயிற்சி பொருந்தும். எட்டு பேர் போய்விட்ட அணிக்கு "பழையவன் பக்கத்தில் புதியவன்" என்ற விதியே நடக்காது, பழையவர்கள் போதமாட்டார்கள். அனுப்பும்போது முதலாண்டுப் பையன்களை மட்டும் அனுப்பாதீர்கள். போன ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டாமாண்டுக்காரர்கள்தான் இதில் மிக அதிகம் கற்றுக்கொள்கிறார்கள்; அட்டையில் சிவப்பு வட்டமிட்ட வேலைகளை அருகிலிருந்து பார்த்தவர்கள் அவர்களே. முடிந்தால் நவம்பரிலேயே ஒரு நாள் வாங்கி, போகப்போகிற மூத்தவர்களையும் கூட்டிப்போய் அட்டையை எழுதவையுங்கள். பிப்ரவரியில் அவர்களைப் பிடிக்க முடியாது, ஞாபகத்திலிருந்து மற்றவர்கள் சொல்வதில் பாதி தவறாக இருக்கும்.

கடைசி நாள் அட்டையைச் சுருட்டி அவர்களே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். புறப்படுவதற்கு முன் அதைப் படம் எடுத்து, தாளிலும் ஒரு பிரதி எழுதி வாங்கி, ஆட்டக்காரர் கார்டுகள் இருக்கும் அதே பையில் போட்டு வையுங்கள்.